அறிவை அளக்கும் கோல்: சேரன்மகாதேவியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த சேரன்மகாதேவி, தமிழக வரலாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரால் அறியப்பட்ட ஊராகும். 1922-இல் வ.வே.சு. ஐயர் தொடங்கி நடத்திய குருகுலம் சில ஆண்டுகளே புகழுடன் விளங்கியது. ஆயினும் அங்கு எழுந்த ஒரு கேள்வி தமிழகத்தின் அரசியலையே திசை திருப்பியது. ஒரு குழந்தையின் தகுதியை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே அக்கேள்வி. வியப்புக்குரிய வகையில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் குழந்தைகளின் அறிவை எண்ணால் அளந்து கூறும் புதிய கலையும் இந்திய மண்ணில் கால் பதித்தது.

இன்று நம் வீடுகளில் ஐந்து வயதில் சரளமாக வாசிக்கும் பிள்ளையையோ, கேட்டதை ஒருமுறையிலேயே ஒப்பிக்கும் பிள்ளையையோ கண்ட பெற்றோர், ‘நுண்ணறிவுச் சோதனை’ செய்து பார்க்க விரும்புகின்றனர். எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கின்றனர். கடையில் பொருள் தேர்வது போன்ற எளிய வினாவாக இது தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் பிறந்த ஊர் உண்டு; பிறந்த ஆண்டு உண்டு; அதைச் செய்தவர் மனத்திலிருந்த நோக்கமும் உண்டு. அவற்றை அறியாமல் அது தரும் எண்ணின் பொருளை நாம் அறிய இயலாது. ஆகவே இவ்வினாவை வரலாற்றின் வழியே அணுக முற்படுகிறோம்.

குருகுலம் எழுப்பிய வினா

வ.வே.சு. ஐயர் இலண்டனில் சட்டம் பயின்றவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அந்நிய ஆட்சியின் கல்விக்கு மாற்றாக, ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் சேர்ந்த தேசியக் கல்வியை அவர் கனவு கண்டார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் நன்கொடை வழங்க இசைந்து, முதற்கட்டமாக 5,000 ரூபாய் அளித்தது. பல சாதிப் பிள்ளைகளும் அங்கு சேர்ந்தனர். ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி போடப்பட்டது. இச்செய்தி வெளியே பரவியபோது பெரியார் ஈ.வெ.ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தனர்.

1925 ஏப்ரலில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம், பிறப்பை வைத்துத் தகுதியில் ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்னும் கருத்துடையதாக அமைந்து நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் பதவி விலகினர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் துறந்தார். நவம்பரில் நடைபெற்ற காஞ்சிபுரம் மாநாட்டுடன் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இவை பலரும் அறிந்தவையே.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அத்தீர்மானத்தில் வரும் ‘தகுதி’ என்னும் சொல். அந்தப் பந்தியில் அமர்ந்த சிறுவர்களுள் எவன் கணக்கில் வல்லவன், எவன் பாடலில் வல்லவன் என்று யாரும் பார்க்கவில்லை. வாய் திறக்கும் முன்பே அவனுடைய இடம் குறிக்கப்பட்டிருந்தது. பிறப்பு அளவுகோல் ஆகாது என்றால், வேறு எது அளவுகோல்? புதிய உளவியல் அதற்கு விடை கூற முன்வந்தது. பிறப்பைப் பாராமல் பிள்ளையின் திறனை மட்டும் பார்க்கும் கருவி தன்னிடம் இருப்பதாக அது சொன்னது. அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதே இனி நாம் காண வேண்டியது.

பாரிஸிலிருந்து லாகூர் வரை

1904-இல் பிரெஞ்சு அரசு, வகுப்பறைப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிப் பயிற்சி அளிப்பது குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் விளைவாக ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் முப்பது வினாக்கள் கொண்ட சோதனையை வெளியிட்டனர். எளிதில் தொடங்கி அரிதில் முடியும் அவ்வினாக்கள் பின்னர், 1908-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வயது வாரியாக அடுக்கப்பட்டன. ‘மன வயது’ என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டு உதவுவதே. அறிவு மாறாத அளவுடையது, அதைக் கூட்ட இயலாது என்போரை அவர் 1909-இல் எழுதிய நூலில் வன்மையாகக் கண்டித்தார். 1911-இல் அவர் மறைந்தார்.

அதன்பின் அக்கருவி வேறு கைகளுக்குச் சென்றது. 1912-இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைச் சொன்னார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி, ‘நுண்ணறிவு ஈவு’ என்னும் ஒற்றை எண்ணைப் பரவச் செய்தார். பினே பின்தங்கியவர்களைத் தேடினார். டெர்மன் முன்னே நிற்பவர்களைத் தேடினார். 1921-இல் தொடங்கிய அவருடைய ஆய்வு கலிஃபோர்னியாவின் மீத்திறன் மிக்க குழந்தைகள் ஏறத்தாழ 1,500 பேரைத் தெரிந்தெடுத்து வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தது. அவர்களுள் பலர் நல்ல நிலையை அடைந்தனர். ஆனால் சோதிக்கப்பட்டும் போதிய எண் பெறாமல் விடப்பட்ட சிறுவர்களுள் ஒருவரான வில்லியம் ஷாக்லி, பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். வலையின் கண் எவ்வளவு நுண்ணியதாயினும் நழுவும் மீன் உண்டு என்பதற்கு இது சான்று.

இதைவிடக் கடுமையான விளைவுகளும் நேர்ந்தன. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு நடத்திய சோதனைகளைக் கொண்டு, தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பிய மக்கள் அறிவில் தாழ்ந்தவர் என்று கார்ல் பிரிகம் 1923-இல் எழுதினார். ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கையும் அறியாத குடியேறிகள் அவ்வினாக்களில் தடுமாறியதையே அவர் பிறவி அறிவின் குறை என்று கொண்டார். 1930-இல் அவரே அம்முடிவைத் திரும்பப் பெற்றார். ஆனால் அதற்கு முன்பே, 1924-இல், அம்மக்களின் வருகையைக் கட்டுப்படுத்தும் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது.

இக்கருவி இந்தியா வந்தபோது எதைக் கண்டது? 1921-இல் அமெரிக்க உளவியல் ஏடொன்றில் டி.எஸ். ஹெரிக் என்பவரின் கட்டுரை வெளிவந்தது. தென்னிந்தியப் பிராமணக் குழந்தைகளையும், அக்காலத்தில் ‘பஞ்சமர்’ என அழைக்கப்பட்ட மக்களின் குழந்தைகளையும் தமக்குள்ளும், பின்னர் அமெரிக்கக் குழந்தைகளோடும் ஒப்பிடுவதே அதன் பொருள். கருவி கோடார்டின் வடிவப் பலகை. மரப்பலகையில் வெட்டப்பட்ட குழிகளில் வட்டம், சதுரம், முக்கோணம் முதலிய கட்டைகளை விரைந்து பொருத்துவதே சோதனை. சொல் வேண்டாத சோதனை ஆதலால் மொழித் தடை இல்லை எனக் கருதப்பட்டது.

அடுத்து, லாகூர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ், பினேயின் சோதனையை வடஇந்தியப் பிள்ளைகளுக்கேற்ப ‘ஹிந்துஸ்தானி’ அளவையாக மாற்றியமைத்து 1929-இல் நூலாக வெளியிட்டார். இந்திய மொழியில் அமைந்த முன்னோடி முயற்சி என்னும் பெருமை அதற்குண்டு. அந்நூலின் துணைத் தலைப்போ, பஞ்சாபின் சில சாதிக் குழுக்களின் அறிவை ஒப்பிடுவதாக அமைந்திருந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சேரன்மகாதேவியில் சாதியைப் பார்த்துப் பந்தி பிரிக்கப்பட்டது. புதிய அளவுகோலைக் கையிலெடுத்த அறிஞர்களும் பிள்ளைகளை முதலில் சாதியால் பிரித்து நிறுத்திய பிறகே அளக்கத் தொடங்கினர். வீட்டில் பலகையும் பொம்மையும் பாடநூலும் கண்ட பிள்ளையையும், பள்ளிப்படியே ஏற விடப்படாத பிள்ளையையும் ஒரே பலகையின் முன் அமர்த்தி, வேறுபாட்டைப் பிறப்பின் கணக்கில் எழுதினால் அது எங்ஙனம் நீதியாகும்? பலகை பேசாதது என்பதால் அது நடுநிலையானது ஆகிவிடாது.

இந்திய அளவுகோல்கள்

இக்குறையை உணர்ந்த இந்திய அறிஞர்கள் நம் பிள்ளைகளுக்கென அளவைகளை வகுக்க முயன்றனர். அவற்றின் வரலாறு இன்றைய தேர்வுக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலாவது பினே–காமத் சோதனை. வி.வி. காமத், கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளிடம் ஆய்ந்து, பினே அளவையின் இந்தியத் திருத்தத்தை 1934-இல் அறிவித்தார். 1940-இல் அது நூலாயிற்று. மூன்று வயதிலிருந்தே பயன்படுத்தத் தக்கதாகையால் இளங்குழந்தைகளுக்கு இன்றளவும் மருத்துவமனைகளில் இது வழங்குகிறது. ஆனால் இது மன வயதை உண்மை வயதால் வகுக்கும் பழைய முறையைச் சார்ந்தது. சொல்லாற்றலுக்கு இதில் இடம் மிகுதி.

இரண்டாவது, சி.எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதி. எழுத்தறிவுள்ள, எழுத்தறிவற்ற இரு திறத்தாருக்கும் பொருந்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். வண்ணக் கட்டைகளை அடுக்கி வடிவம் செய்தல், பெட்டிக்குள் கட்டைகளை நகர்த்துதல், கோலம் போன்ற உருவை ஒரே கோட்டில் வரைதல், கேட்டதை நினைவிலிருந்து சொல்லல், படத்துண்டுகளை இணைத்தல் என ஐந்து பகுதிகள் கொண்டது. எழுத்தறியாத கிராமத்துச் சிறுவனையும் மதித்து வகுக்கப்பட்டது என்ற வகையில் இது போற்றத்தக்கது. எனினும் 11 முதல் 16 வயது வரையிலான ஆண்பிள்ளைகளைக் கொண்டே இதன் நெறியளவு வகுக்கப்பட்டது. ஆகவே ஐந்து வயதுக் குழந்தைக்கு இது உதவாது. பெண்குழந்தைக்கு இதன் எண்ணைச் சொல்லும்போது தயக்கம் வேண்டும்.

மூன்றாவது, நாகபுரியில் ஆர்தர் மாலின் 1969-இல் அமைத்த அளவை. டேவிட் வெக்ஸ்லரின் 1949-ஆம் ஆண்டுச் சோதனையின் இந்திய வடிவம் இது. 6 வயது முதல் ஏறத்தாழ 16 வயது வரை பயன்படும். பொது அறிவு, கணக்கு, சொற்பொருள், ஒப்புமை முதலிய சொல்வழிப் பகுதிகளும், குறைந்த படத்தை நிரப்பல், கட்டை அடுக்கல், புதிர்வழி முதலிய செயல்வழிப் பகுதிகளும் உண்டு. ஒரு பிள்ளை எதில் மேலோங்கி, எதில் தடுமாறுகிறது என்று பகுத்துக் காட்டுவது இதன் சிறப்பு. 2012-ஐ ஒட்டி வெக்ஸ்லரின் நான்காம் பதிப்பும் இந்திய நெறியளவுகளுடன் வந்தது. அதன் மொழி ஆங்கிலம்.

இவற்றோடு, ஜான் ரேவன் 1938-இல் வகுத்த வடிவத் தொடர் சோதனையும், சிறு பிள்ளைகளுக்கென 1947-இல் வந்த அதன் வண்ணப் பதிப்பும் மொழி சாராதவை என்பதால் உலகெங்கும் பரவின. மனித உருவை வரையச் சொல்லி வளர்ச்சியை மதிப்பிடும் குட்இனஃபின் 1926-ஆம் ஆண்டு முறையைப் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றார்.

இப்பட்டியலை நோக்கும்போது ஒன்று தெளிவாகும். தார்வாடும் நாகபுரியும் உத்தரப் பிரதேசமும் இவற்றின் பிறந்தகங்கள். கன்னடம், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவை இவற்றின் மொழிகள். நம் மாநிலத்தில் உளவியலாளர் பயன்படுத்துபவை பெரும்பாலும் இவற்றின் தமிழாக்கங்களே. வினாவை மொழிபெயர்ப்பது எளிது. நெறியளவை மொழிபெயர்க்க இயலாது. மெட்ரிக் அளவை வருமுன் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓரூர் மரக்காலால் அளந்ததை மற்றோர் ஊர்க் கணக்கில் எழுதினால் நெல் குறையும் அல்லது கூடும். சோதனையின் நிலையும் அதுவே.

இஸ்லாமிய அறிவு மரபில்

பிள்ளையின் இயல்பை அறிந்து கல்வி புகட்டும் சிந்தனை நவீன உளவியலோடு தொடங்கியதன்று. தன்வரலாற்றுக் குறிப்பில், பத்து வயதிலேயே குர்ஆனையும் இலக்கியத்தின் பெரும்பகுதியையும் கற்று முடித்ததாகச் சொல்லும் இப்னு சீனா (980–1037) மீத்திறன் மிக்க குழந்தைக்குத் தாமே சான்று. அவர் பெயரில் வழங்கும் ‘கிதாபுஸ் ஸியாஸா’ எனும் சிறுநூலில், ஒரு பிள்ளைக்கு எத்தொழில் பொருந்தும் என்று முடிவு செய்வதற்கு முன் ஆசிரியர் அதன் இயல்பையும் நாட்டத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்னும் கருத்து இடம்பெறுகிறது. விரும்பிய கலை எல்லாம் எல்லார்க்கும் வசப்படுவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார்.

பக்தாதின் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) கூரிய மதியினரைப் பற்றி ‘கிதாபுல் அத்கியா’ என்று தனி நூலே தொகுத்தார். கலீஃபாக்களும் காஜிகளும் மட்டுமின்றிச் சிறுவர்களும் எளிய மக்களும் அதில் வருகின்றனர். அறிவு எந்த வாயிலிலிருந்தும் வெளிப்படலாம் என்பதே அத்தொகுப்பின் உட்கிடை எனலாம். இமாம் கஸ்ஸாலி குழந்தையின் உள்ளத்தை இன்னும் செதுக்கப்படாத மணிக்கு ஒப்பிட்டார். இப்னு கல்தூன் (இறப்பு 1406) தம் ‘முகத்திமா’வில், மாணவனின் ஏற்கும் ஆற்றலறிந்து படிப்படியாகக் கற்பிக்க வேண்டும் என்றும், கடுமை பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுத்துப் பொய்யையும் வஞ்சத்தையும் கற்பிக்கும் என்றும் எழுதினார்.

இவர்கள் எண்ணால் அளக்கவில்லை. நாள்பட உடனிருந்து கண்டறிவதே அவர்களுடைய முறை. அம்முறைக்கும் குறையுண்டு, ஆசிரியரின் விருப்பு வெறுப்பு அதில் நுழையும். அக்குறையை நீக்கத்தான் சோதனை வந்தது. சோதனைக்குள்ளும் விருப்பு வெறுப்பு நுழைந்ததை மேலே கண்டோம். ஆதலால் இரண்டும் ஒன்றையொன்று திருத்த வேண்டியவை.

உஸ்பெகிஸ்தானும் பத்தமடையும்

வெளியூர் அளவுகோல் உள்ளூர் அறிவை எவ்வாறு தவறவிடும் என்பதற்கு முஸ்லிம் உலகிலிருந்தே புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் ரஷ்ய உளவியலாளர் அலெக்ஸாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களில் உழவர்களிடம் ஆய்வு நடத்தினார். சுத்தியல், இரம்பம், கோடரி, மரத்துண்டு ஆகிய நான்கில் எது சேராதது என்று கேட்டார். பள்ளி சென்றோர் மரத்துண்டு என்றனர், ஏனையவை கருவிகள். உழவர்களோ நான்கும் சேர்ந்தவையே என்றனர்; மரமின்றி இரம்பம் எதற்கு? பனி சூழ்ந்த தொலைவடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் அங்கேயுள்ளது, அங்குள்ள கரடி என்ன நிறம் என்று கேட்டபோது, தாம் காணாத கரடியைப் பற்றிச் சொல்ல இயலாது என்று மறுத்தனர். மதிப்பெண் தாளில் இவை பிழைகள். வாழ்க்கையில் இவை பொறுப்புள்ள விடைகள். ஓரிரு ஆண்டுகள் பள்ளி சென்றவர்களே வேறுவிதமாக விடை கூறினர். எனவே சோதனை பெரிதும் அளந்தது பள்ளியின் பழக்கத்தையே.

சேரன்மகாதேவிக்கு அடுத்துள்ள பத்தமடைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் கோரைப்பாயைத் தலைமுறைகளாக நெய்து வருவோர் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். ஆற்றுநீரில் ஊறவைத்த கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, நூற்பாவில் கோத்து, எண்ணிக்கை பிசகாமல் கரையும் பூவும் எடுப்பது அக்கலை. தாயின் அருகமர்ந்து இழை எண்ணிப் பழகிய சிறுமிக்கு, வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் சோதனை விளையாட்டாகத் தோன்றலாம். அவளையே ஆங்கிலச் சொற்பொருள் வினாக்களால் மட்டும் சோதித்தால் அவள் சராசரி என்று எழுதப்படலாம். குழந்தை ஒன்றே, கோல் மாறியதால் தீர்ப்பு மாறிற்று.

நம் பிள்ளைகளிடம் மற்றொரு தனித்தன்மையும் உண்டு. ஐந்து வயதில் மக்தபில் அரபு எழுத்தை வலமிருந்து இடமாகவும், பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகவும் வாசிக்கப் பழகுகின்றனர். சூறாக்களை மனனம் செய்வதால் கேட்டதை நிரலாக நினைவில் நிறுத்தும் பயிற்சி கிடைக்கிறது. இருமொழிச் சூழலில் வளரும் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சற்றுக் குறைந்த சொல்வளம் உடையதாகத் தோன்றினாலும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் குறையில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரு மொழியில் மட்டும் நிகழ்த்தும் சொற்சோதனை இத்தகைய குழந்தையின் ஒரு பக்கத்தையே காட்டும். அதேபோல் மனன ஆற்றல் ஒன்றை மட்டும் கொண்டு ‘மேதை’ என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. நினைவு அறிவின் ஒரு கூறே.

எண்ணின் மயக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டைச் சிறுமி ஒருவரின் நுண்ணறிவு ஈவு 225 என்று நாளிதழ்கள் எழுதின. கணினி வலையமைப்புத் தேர்வுகளில் இளம் வயதிலேயே அவர் பெற்ற வெற்றி பாராட்டுக்குரியது. அதற்கு எந்த எண்ணின் சான்றும் தேவையில்லை. ஆனால் செய்தியைப் படித்த பெற்றோர் பலர் அந்த எண்ணையே பற்றிக்கொண்டனர். எண் எவ்வாறு பிறக்கிறது என்று அறிந்தால் இம்மயக்கம் தெளியும்.

பழைய வகுத்தல் முறையில் எட்டு வயதுக் குழந்தை பதினெட்டு வயதினர்க்குரிய வினாக்களுக்கு விடை கூறினால் ஈவு 225 ஆகும். வெக்ஸ்லர் 1939-இல் புகுத்திய புதிய முறை வேறு. அதில் சராசரி 100. விலகலின் அலகு 15. குழந்தை தன் வயதினரிடையே எங்கு நிற்கிறது என்பதையே அது கூறும். 130-க்கு மேல் வருவோர் நூற்றுக்கு இருவர். 145-க்கு மேல் வருவோர் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர். இக்கணக்கில் 225 என்பது உலக மக்கள் அனைவரிலும் ஒருவரைக்கூட எதிர்பார்க்க முடியாத எல்லை. இத்தகைய சோதனைகளின் அட்டவணைகள் பொதுவாக 160-இல் நின்றுவிடுகின்றன. ஆகவே இருவேறு முறைகளில் பெற்ற எண்களை ஒப்பிடுவது ரூபாயையும் ரியாலையும் வெறும் எண்ணாக ஒப்பிடுவது போன்றது.

அடுத்தது காலத்தின் பிழை. ஜேம்ஸ் ஃபிளின் 1984-இலும் 1987-இலும் வெளியிட்ட ஆய்வுகள், பல நாடுகளில் தலைமுறைதோறும் சோதனை மதிப்பெண் உயர்ந்து வந்ததைக் காட்டின. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளிகள். பள்ளிக்கல்வி, உணவு, உடல்நலம் ஆகியவை பெருகியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனவே 1930-களின் பிள்ளைகளை வைத்து வகுத்த நெறியளவால் இன்றைய பிள்ளையை அளந்தால் எண் வீங்கித் தோன்றும் வாய்ப்புண்டு. பழைய சோதனையில் கிடைத்த உயர்ந்த எண்ணைக் கண்டு மகிழும் முன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வயதின் பிழை. ஆறு வயதுக்கு முன் பெறும் எண் நிலையற்றது. உறக்கம், பசி, கூச்சம், அயலார் முன் அமரும் அச்சம் யாவும் அதை அசைக்கும். சீராக நடத்திய சோதனையிலும் ஐந்தாறு புள்ளிகள் ஏறவோ இறங்கவோ கூடும்.

தேர்வு செய்யும் முறை

இவ்வளவும் கண்டபின் நம் வினாவுக்குத் திரும்புவோம். முதலில் கேட்க வேண்டியது ‘எந்தச் சோதனை’ என்பதன்று, ‘எதற்காக’ என்பதே. பிள்ளை வகுப்பில் சலிப்புற்று வாடுகிறது, அல்லது ஒன்றில் மிக உயர்ந்தும் எழுதுவதில் தடுமாறியும் நிற்கிறது என்றால் சோதனையால் பயனுண்டு. அது ஆசிரியருக்கு வழிகாட்டும். உறவினரிடம் சொல்லிக்கொள்வதற்காக என்றால் அதனால் குழந்தைக்கு ஆவதொன்றுமில்லை. நம் நாட்டில் இச்சோதனைகள் பெரிதும் பயன்படுவது அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்கே என்பதையும் நினைவிற்கொள்க. உயர்ந்த எண்ணைக் காட்டுவதால் மட்டும் சாதாரணப் பள்ளியில் தனிவழி திறந்துவிடுவதில்லை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மீத்திறன் மாணவரைப் பற்றிப் பேசுகிறதாயினும், வகுப்பறையில் அதைச் செயலாக்குவது ஆசிரியர் கையிலேயே உள்ளது.

இரண்டாவது, வயதும் வரம்பும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாலினின் அளவையும் பாட்டியாவின் தொகுதியும் பொருந்தா. ரேவனின் வண்ணப் பதிப்பு ஐந்து வயதிலிருந்து பயன்படும், பினே–காமத் மூன்றிலிருந்து. அவசரம் இல்லையெனில் ஆறேழு வயது வரை காத்திருப்பதே நன்று. மேல்வரம்பு தாழ்ந்த சோதனையில் கூரிய பிள்ளை எல்லா வினாக்களுக்கும் விடை கூறிவிடும். அப்போது சோதனைதான் முடிந்ததே தவிரப் பிள்ளையின் திறன் முடிந்துவிடவில்லை.

மூன்றாவது, மொழி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைத் தமிழில் சோதிக்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்து ஓராண்டே ஆன குழந்தைக்கு ஆங்கிலச் சொற்சோதனை அநீதி. சொல் சார்ந்த ஒன்றும் வடிவம் சார்ந்த ஒன்றுமாக இரண்டைச் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பானது. இரண்டுக்குமிடையே பெரிய இடைவெளி தோன்றினால் அந்த இடைவெளியே முதன்மையான செய்தி, மொத்த எண்ணன்று.

நான்காவது, சோதிப்பவர். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையே நாட வேண்டும். எந்தச் சோதனை, எந்த ஆண்டின் நெறியளவு, எண் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்று எழுதித் தரும்படி கேட்பது பெற்றோரின் உரிமை. விரல்ரேகையைக் கொண்டு பிறவித் திறன் சொல்வதாகப் பணம் பறிக்கும் விளம்பரங்கள் பெருகியுள்ளன. அவற்றுக்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. சோதனைக்கு முன் வினாக்களைப் பழக்குவதும் கூடாது. பழக்கிய பிள்ளையின் எண் பழக்கத்தின் எண்.

ஐந்தாவது, உடனிருந்து காண்பவரின் சான்று. புனேயில் 1962-இல் வி.வி. பெண்ட்சே நிறுவிய ஞானப் பிரபோதினி உளவியல் சோதனைகளோடு மீத்திறன் கல்வியைத் தொடங்கியது. பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனம் 2010-க்குப் பின் மேற்கொண்ட பணியிலோ, பெற்றோரும் ஆசிரியரும் கூறும் விவரங்களுக்கும் நேரிற் காண்பதற்கும் சிறப்பிடம் தரப்பட்டது. பிள்ளை எதைக் கேட்கிறது, எதில் தன்னை மறக்கிறது, தோற்றால் என்ன செய்கிறது என்று ஓராண்டு குறித்து வைத்த சிறு ஏடு, ஒருமணி நேரச் சோதனைக்குச் சிறந்த துணையாகும்.

எஞ்சும் கடமை

நூறாண்டுகளுக்கு முன் சேரன்மகாதேவியில் எழுந்த குரல், பிறப்பைக் கொண்டு பிள்ளையை அளக்காதே என்றது. அக்குரல் வென்றது. பின்னர் வந்த சோதனைகள் நல்லவர் கையில் விளக்காகவும், முன்முடிவு கொண்டவர் கையில் புதிய வேலியாகவும் இருந்துள்ளன. இன்று அந்த வேலியைப் பணமும் ஆங்கிலமும் எழுப்பக்கூடும். நகரத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கப்படும் பிள்ளை ‘மீத்திறன்’ ஆகவும், வயற்காட்டிலும் பாய்த்தறி அருகிலும் வளரும் பிள்ளை வெறும் ‘துடுக்கு’ ஆகவும் எழுதப்படுவதை நாம் ஏற்கலாகாது.

2008 முதல் எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, மனத்திறன் வினாக்களைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. கட்டணச் சோதனைக்கு வழியற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இதற்கு ஆயத்தப்படுத்துவது நம் ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் எளிதில் ஆற்றக்கூடிய பணி. தமிழ்க் குழந்தைகளைக் கொண்டே நெறியளவு வகுத்த, ஆண் பெண் இருபாலாருக்கும் சிற்றூருக்கும் பேரூருக்கும் பொருந்திய அளவையொன்றை உருவாக்குவது நம் பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள பணி. அது வரும்வரை, கையிலுள்ள கோல்களின் பிறந்த ஊரையும் ஆண்டையும் அறிந்து, அவை காட்டும் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொண்டு, பிள்ளைக்கு அடுத்து என்ன கற்பிக்கலாம் என்று தேடுவதே அறிவுடைமை. பினே அக்கருவியைச் செய்ததும் அதற்காகவே.